ரத்தம் நின்ற பிறகும் மெசலமின் எதற்கு?

கணக்கன்:

வணக்கம். வயது 27, ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பத்து மாதத்துக்கு முன் மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. மூலம்தான் என்று நானே முடிவுகட்டி இரண்டு மாதம் களிம்பு போட்டுக்கொண்டிருந்தேன். நாளுக்கு எட்டு முறை ஓட வேண்டி வந்த பிறகுதான் மருத்துவரிடம் போனேன். கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது, செய்து, சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்து, பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்ற நோய் என்றார்கள். மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலின் இடப்பக்கம் முழுக்க அழற்சி இருக்கிறதாம்.

குடல் அழற்சியை அடக்கும் மெசலமின் என்ற மருந்து, 1.2 கிராம் மாத்திரை நாளுக்கு நான்கு, இரவில் அதே மருந்தை ஆசனவாய் வழியாக ஏற்றும் எனிமா. ஆறு வாரத்தில் ரத்தம் நின்றது. அதன் பிறகு மூன்று மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. நோய் இருந்ததே மறந்துபோனது. முதலில் எனிமாவை விட்டேன். அப்புறம் மாத்திரையையும் விட்டுவிட்டேன். நன்றாக இருக்கிற உடம்புக்கு மருந்து எதற்கு என்று தோன்றியது. வீட்டில்கூடச் சொல்லவில்லை.

ஏழு வாரம் கழித்து ஒரு தணிக்கைக் கூட்டத்தின் நடுவே அடிவயிறு இழுத்துப் பிடித்தது. சொல்லிவிட்டு எழுந்து போகக்கூட நேரமில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கழிவறையில் பார்த்தால் மலமே இல்லை, ரத்தமும் சளியும்தான்.

இப்போது பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை 40 மி.கி.யில் ஆரம்பித்து வாரம் 5 மி.கி. குறைத்துக்கொண்டு வருகிறேன். இது இரண்டாவது வாரம். ரத்தம் பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு விழித்தால் மறுபடி தூக்கம் இல்லை, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறேன். மெசலமினையும் தொடரச் சொன்னார் மருத்துவர். 'தொடர' என்றார். நான் நிறுத்தியிருந்தது அவருக்குத் தெரியாது. மெசலமினுக்கு நோய் கட்டுப்படவில்லை போலிருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள், நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசத்தியோபிரின் ஆரம்பிப்பதைப் பற்றிப் பேசலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த மருந்தைப் பற்றிப் படித்ததில் புற்றுநோய் என்ற சொல் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து அதே நினைப்பு.

ஸ்டீராய்டு இவ்வளவு நன்றாகக் கேட்கும்போது அதையே குறைந்த அளவில் தொடர்ந்தால் என்ன? ஒன்றும் செய்யாதபோதும் மெசலமினை ஆயுள் முழுக்கப் போட வேண்டுமா? சாப்பாட்டில் எதை விட்டால் இது போகும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


நெடுவழி:

எனக்கு இருப்பது குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய், உங்களுடையது வேறு. இரண்டும் ஒரே குடும்பத்து நோய்கள்தான். ஆனால் உங்களுக்குப் பெருங்குடலின் உள்தோலில் மட்டும், விடுபடாமல் ஒரே தொடர்ச்சியாக அழற்சி இருக்கும். எங்களுக்கு வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் விட்டு விட்டு வரும், குடல் சுவரின் முழுத் தடிமனுக்கும் இறங்கும். அதனால் இங்கே சொல்லப்படும் மெசலமின் கதையைக் குரோன்ஸ் உள்ளவர்கள் தங்களுக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

நான் ஸ்டீராய்டையே நம்பி இரண்டு வருடம் ஓட்டியவன். உடம்பு தேறும்போது நிறுத்துவேன், மோசமாகும்போது போடுவேன். அந்த இரண்டு வருடத்தில் சிறுகுடலின் கடைசிப் பகுதி சுருங்கி அடைத்து, ஒரு முழம் நீளத்துக்கு வெட்டி எடுத்தார்கள். இப்போது அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்து. முதல் நாள், 2ஆம் வாரம், 6ஆம் வாரம், பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். ஆரம்பிக்கும் முன் காசநோயும் மஞ்சள் காமாலை பி வகையும் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். பார்க்காமல் யாராவது போட வந்தால் கேளுங்கள். அப்புறம் ஒன்று, புகைப் பழக்கம் இருக்கும் குரோன்ஸ்காரர்கள் முதலில் அதை விடுங்கள். நான் விட்ட பிறகுதான் மருந்து மருந்தாக வேலை செய்தது.

உங்கள் கேள்விக்குக் கரும்பலகை அக்கா வந்து சொன்னால் சரியாக இருக்கும்.


கரும்பலகை:

தம்பி, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். மருந்தை நிறுத்தியிருந்ததை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் நாளைக்கே போனில் சொல்லுங்கள்.

அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள். நீங்கள் நாள் தவறாமல் மருந்து போட்டீர்கள், அப்படியும் நோய் கிளம்பிவிட்டது என்று நினைக்கிறார். அந்தக் கணக்குப்படி மெசலமின் தோற்றுவிட்டது, அடுத்த படிக்கு ஏற வேண்டும். ஆனால் நடந்தது வேறு. போட்ட வரைக்கும் மெசலமின் உங்களுக்கு வேலை செய்திருக்கிறது, விட்ட பிறகுதான் கிளம்பியிருக்கிறது. தோற்காத மருந்தைத் தோற்றதாக எழுதி மூடிவிட்டு வலிமையான மருந்துக்குப் போகப் பார்க்கிறீர்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், நானும் இதையேதான் செய்தேன். எனக்கு இந்த நோய் வந்து 14 வருடம் ஆகிறது. நான் பள்ளி ஆசிரியை. ஐந்தாவது வருடத்தில், நன்றாக இருக்கிறோமே என்று மாத்திரையை வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று தேய்த்துவிட்டேன். நோய் கிளம்பியது. "ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டார். "போடுகிறேன் டாக்டர்" என்றேன். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை சொல்வதைப் போலவே சொன்னேன். அசத்தியோபிரின் எழுதினார். மூன்றாவது வாரம் தலைவாரும்போது சீப்பு நிறைய முடி. நான்காவது வாரம் குளிர்க்காய்ச்சல். ரத்தத்தில் வெள்ளணு 4,000க்கு மேல் இருக்க வேண்டியது 1,100க்கு இறங்கியிருந்தது. ஒன்பது நாள் தனி அறையில் இருந்தேன். என் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது. கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் வரைந்த படத்தைத் தூக்கிக் காட்டினாள். அந்த அறையில் படுத்துக்கொண்டுதான் உண்மையைச் சொன்னேன்.

அசத்தியோபிரின் கெட்ட மருந்து என்று இதைப் படித்துவிடாதீர்கள். எத்தனையோ பேர் அதைப் போட்டு வருடக்கணக்காக நிம்மதியாக இருக்கிறார்கள். என் உடம்புக்கு அதைச் செரிக்கும் ஒரு நொதி குறைவு. என்யுடிடி15 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது பிற்பாடு தெரிந்தது. ஆசிய மக்களிடம் இந்த மாற்றம் அதிகம். டிபிஎம்டி என்று இன்னொன்றும் உண்டு. உங்களுக்கு அசத்தியோபிரின் தேவைதான் என்று முடிவானால், இந்த இரண்டையும் முன்கூட்டியே பார்த்துவிடலாமா என்று கேளுங்கள். முதல் சில வாரம் வாராவாரம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ரத்தம் பார்க்க வேண்டும். புற்றுநோய் பயத்தைப் பற்றி: நிணநீர்ப் புற்றுநோயும் ஒருவகைத் தோல் புற்றுநோயும் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுவது உண்மை. தனி ஒருவருக்கு அந்த வாய்ப்பு அப்போதும் மிகச் சிறியது. அடக்காமல் விட்ட குடல் அழற்சியும் வருடங்கள் போகப் போகப் பெருங்குடல் புற்றுநோய்க்கு வழிவிடும். பயப்படுவதென்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது மெசலமின். 'ஒன்றும் செய்யாதபோது' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றும் தெரியாதபோது என்று சொன்னால் சரியாக இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் எனக்கு நாளுக்கு ஒரே முறை, கெட்டியாக, ரத்தம் துளிகூட இல்லை. வழக்கமான பரிசோதனைக்கு மலம் கொடுத்தேன். கால்ப்ரோடெக்டின் 640 வந்தது. அது வெள்ளணுக்களில் இருக்கும் ஒரு புரதம். குடல் சுவரில் அழற்சி இருந்தால் வெள்ளணுக்கள் அங்கே குவிந்து, அந்தப் புரதம் மலத்தில் இறங்கும். 50க்குள் இருந்தால் நிம்மதி, 250ஐத் தாண்டினால் அழற்சி இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். நான் நம்பவில்லை, மறுபடி கொடுத்தேன், 610. எனக்குத் தெரியாமல் என் குடல் எரிந்துகொண்டிருந்தது. எனிமாவைத் தினமும் ஆக்கினோம். பத்து வாரத்தில் 85க்கு வந்தது. அந்த முறை நோய் வெளியே வரவே இல்லை. உடம்பு நன்றாக இருப்பதும் குடல் ஆறியிருப்பதும் ஒன்றல்ல என்பது எனக்கு அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

நீண்ட நாள் போட்டால் என்ன ஆகுமோ என்று யோசிக்கிறீர்கள் என்றால், இது நேற்று வந்த மருந்து இல்லை. இதன் மூத்த வடிவமான சல்ஃபசலசினை ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் மூட்டுவாதத்துக்காக உருவாக்கினார், 1940களிலேயே குடலுக்கும் கொடுத்துப் பார்த்தார். மெசலமின் பெரும்பாலும் குடலின் உள்தோலைத் தொட்டுத்தான் வேலை செய்கிறது. ரத்தத்தில் கலப்பது குறைவு. அபூர்வமாகச் சிறுநீரகத்தைத் தொடும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின் பார்க்கிறேன், அவ்வளவுதான். நான்கு மாத்திரையையும் ஒரே வேளையில் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். பிரித்துப் போடுவதற்குக் குறையாமல் வேலை செய்யும், மறப்பதும் குறையும். மாத்திரையை உடைக்கவோ கடிக்கவோ கூடாது. மேலே இருக்கும் பூச்சுதான் அதைப் பெருங்குடல் வரை கொண்டுபோகிறது.

தொட்டுத்தான் வேலை செய்யும் என்பதால்தான் எனிமா. மாத்திரையின் மருந்து கடைசிக் கோடி வரைக்கும் வந்து சேர்வது கொஞ்சம்தான், உங்கள் நோய் உட்கார்ந்திருப்பதோ அங்கேதான். வெட்கத்தாலோ எரிச்சலாலோ எல்லோரும் முதலில் விடுவது எனிமாவைத்தான், நீங்களும் அதைத்தான் விட்டிருக்கிறீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். படுக்கப் போகும் முன் கழிவறை போய்விட்டு வருவேன். பாட்டிலைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு வைப்பேன், குளிர்ச்சியாக உள்ளே போனால் குடல் உடனே வெளியே தள்ளப் பார்க்கும். நன்றாகக் குலுக்கி, நுனியில் கொஞ்சம் வழுவழுப்புக்குக் களிம்பு தடவி, இடப்பக்கம் ஒருக்களித்து, வலது முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கிப் படுத்து மெதுவாக அழுத்துவேன். ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்வேன். அரை மணி நேரம் அப்படியே. படுக்கையில் பழைய துண்டு விரித்துக்கொள்ளுங்கள், அந்த மருந்து துணியில் பட்டால் பழுப்புக் கறை போகவே போகாது. முதல் வாரம் முழுதும் உள்ளே நிற்கவில்லை. அழற்சி உள்ள குடல் அப்படித்தான். ஐந்து நிமிடம் நின்றாலும் நின்ற அளவுக்குப் பயன்தான் என்று நினைத்துத் தொடர்ந்தேன், இரண்டாவது வாரம் விடியும் வரை நின்றது.

ஸ்டீராய்டு: அது தீயை அணைக்கும். மறுபடி பற்றாமல் காவல் காக்கும் வேலை அதற்குத் தெரியாது. குறைந்த அளவில் தொடர்ந்தாலும் இந்த நோய் அடங்கியே இருப்பதில்லை என்பது தெரிந்த விஷயம். எலும்பு, சர்க்கரை, கண், மனநிலை என்று அது கேட்கும் விலை மட்டும் குறையாது. அதற்காகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரும்போது, உடம்புக்குள் அதைச் சுரக்கும் நம் அட்ரினல் சுரப்பி தூங்கிவிடும், அதை எழுப்ப நேரம் வேண்டும். சொன்ன கணக்கில்தான் இறங்க வேண்டும். முழு அளவையும் காலையிலேயே சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள், தூக்கம் கொஞ்சம் திரும்பும். கால்சியமும் வைட்டமின் டியும் எழுதித்தந்தாரா என்று பாருங்கள். எரிந்து விழுவது மருந்தின் வேலை என்று வீட்டில் சொல்லிவையுங்கள். எனக்கு அதைச் சொல்லத் தெரியாமல் வீட்டில் இரண்டு மாதம் பேச்சுவார்த்தை குறைந்திருந்தது.

சாப்பாடு: எதையாவது விட்டால் நோய் போகும் என்றால் நான் எப்போதோ விட்டிருப்பேன். முதல் வருடம் ஒருவர் பால் வேண்டாம் என்றார், இன்னொருவர் தானியமே வேண்டாம் என்றார், எல்லாவற்றையும் விட்டேன். 58 கிலோவிலிருந்து 46க்கு வந்தேன். நோய் இருந்த இடத்திலேயே இருந்தது. கிளம்பியிருக்கும் நாட்களில் கரடுமுரடான நார்ச்சத்தைக் குறைத்துக்கொண்டு, ஒத்துக்கொள்வதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். அடங்கிய பிறகு பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுங்கள். இரும்புச் சத்து பார்த்தார்களா? ரத்தம் போன குடல் அல்லவா. எனக்கு ஹீமோகுளோபின் 8.2 இருந்தபோது மாடி ஏற முடியாததை ஸ்டீராய்டின் சோர்வு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நரம்பு வழியாக இரும்பு ஏற்றிய பிறகு ஒரு மாதத்தில் வகுப்பில் நின்று பாடம் நடத்தினேன். தலைவலி, முட்டிவலி என்று ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் பக்கம் போகாதீர்கள். பாராசிட்டமால் போதும்.

நாளைக்குப் போன் செய்யுங்கள் தம்பி.


பணிமுறை:

குடல்நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். அக்கா சொன்னதில் சேர்க்க இரண்டு விஷயம்தான். நாளுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே நாடித்துடிப்பு 90க்கு மேல், காய்ச்சல் 37.8 செல்சியஸுக்கு மேல், ஹீமோகுளோபின் 10.5க்குக் கீழ் என்று இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும். 1955இல் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் வகுத்த அளவு இது, இன்றும் நாங்கள் இதைத்தான் பார்க்கிறோம். அந்த நேரத்தில் போக்கை நிறுத்த லோபரமைடு போட்டுக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். பெருங்குடல் ஊதிப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம். வயிறு உப்பி மலமும் காற்றும் போகாமல் நின்றால் 'நின்றுவிட்டதே' என்று நிம்மதிப்படாதீர்கள், உடனே வாருங்கள்.

இன்னொன்று, நோய் கிளம்பும் ஒவ்வொரு முறையும் மலத்தில் தொற்று இருக்கிறதா, முக்கியமாக கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் (பழைய பெயர் கிளாஸ்ட்ரிடியம்) என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறிகுறி ஒன்றுபோலவே இருக்கும், மருந்து வேறு. அப்புறம், நோய் தொடங்கி எட்டு வருடம் ஆனதும், உடம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கொலோனோஸ்கோபி. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மருந்தை நிறுத்தியதைச் சொன்னால் மருத்துவர் திட்டுவார் என்று பயந்து மறைப்பவர்களை வாராவாரம் பார்க்கிறேன். சொன்னவர்களை யாரும் விரட்டியதில்லை.


கணக்கன்:

அக்கா, போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. நேரில் போய்ச் சொன்னேன். மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவைத்துவிட்டு, "எத்தனை நாள் போடவில்லை? எனிமாவா, மாத்திரையா, இரண்டுமா?" என்று மட்டும் கேட்டார். நான் தேதியோடு சொன்னேன், அவரும் தேதியோடு குறித்துக்கொண்டார். எழுதி வைத்திருந்த அசத்தியோபிரினை அடித்துவிட்டார். இப்போதைக்கு மெசலமின் முழு அளவு, ஒரே வேளையில். எனிமா தினமும். ஸ்டீராய்டு இறங்கும் கணக்கு அப்படியே. மலத்தில் தொற்று இல்லை. கால்ப்ரோடெக்டின் 1,240. ஸ்டீராய்டு முடிந்து ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டுமாம். அப்போதும் இறங்கவில்லை, அல்லது ஸ்டீராய்டை விட்டதும் மறுபடி கிளம்பியது என்றால் அடுத்த மருந்து, அதற்கு முன் நீங்கள் சொன்ன இரண்டு மரபணுச் சோதனையும் என்றார். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9தான். இரும்பு ஏற்ற வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். எனிமா நேற்று ஐந்தாவது நாள். இருபது நிமிடம் நின்றது.


கரும்பலகை:

ஐந்தாம் நாளில் இருபது நிமிடம் நல்ல கணக்கு. நான் அன்றைக்குப் பத்தைக்கூடத் தொடவில்லை. 1,240ஐப் பார்த்து மலைக்காதீர்கள், அது நோய் கிளம்பியிருக்கும்போது எடுத்த எண். அடுத்த எண் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், இறங்கியிருந்தாலும் இறங்காவிட்டாலும்.